வாய்ப்பொருத்தும் முடிச்சும்



இது ஊசியையும் நூலையும் பற்றிய உரை. தையற்கடையில் ஓடும் ஊசியன்று. மாந்தன் உடலுக்குள் ஓடும் ஊசி. இலக்கியமும் இலக்கணமும் கேட்டுப் பழகிய தமிழவையில் அறுவை மருத்துவத்திற்கு என்ன வேலை என்று எவரேனும் எண்ணின், அவர் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தை எடுத்துப் பார்ப்பாராக. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பரணர் பாடிய பத்து அது. அதன் இரண்டாம் பாட்டிலே, போரில் மார்பு பிளவுண்ட மறவரின் நெடும்புண்ணைத் தைக்கும் ஊசி வருகின்றது. குளிர்ந்த குளத்தில் மீனை நாடிப் பாய்ந்து மூழ்கிய சிச்சிலிப் பறவை மீண்டும் மேலெழுவதைப் போன்றது அவ்வூசியின் போக்கு என்கின்றார் புலவர். புகுந்து மறைவதும், மறைந்து மின்னி எழுவதும்! புண் தைப்பதை அருகே நின்று கண்ட கண்ணுக்கன்றி இவ்வுவமை வாய்க்காது. ஆகவே தையல் மருத்துவம் தமிழவைக்குப் புறம்பான பொருளன்று.

இன்று பேசப்படும் தையல் மார்பின் மேலன்று. இடுப்பெலும்பின் பின்னே, கண்ணும் கையும் எளிதில் எட்டாத ஆழத்தில் நிகழ்வது.

ஆடவர்க்கு மட்டுமே உரிய சுரப்பியொன்று சிறுநீர்ப்பையின் அடியில் அமைந்துள்ளது. இளமையில் பெரிய நெல்லிக்காயளவு இருக்கும். ஆங்கிலர் இதனைப் புராசுடேட்டு என்பர். அச்சொல் அவர்க்கும் இரவற்சொல்லே. முன்னே நிற்பவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. தமிழில் முன்னிற்குஞ் சுரப்பி என்று ஆக்கியோர் பொருளறிந்தே ஆக்கினர். ஆயின் நாளிதழ்கள் சில, ஆண்மைச் சுரப்பி என்றொரு பெயரைப் பரப்பிவிட்டன. இது பிழையான பெயர் மட்டுமன்று, தீங்கான பெயருங்கூட. அச்சுரப்பியிற் புற்றுநோய், அதனை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறக் கேட்ட முதியவர் ஒருவர், தம் ஆண்மையையே அறுத்தெறியப் போகின்றனர் என்றஞ்சி வீடு திரும்பிவிடின், அப்பழி பெயரிட்டவர் மேலதாகும். ஆண்மைக்குரிய இயக்குநீரைச் சுரப்பவை பெரும்பாலும் விரைகளே. முன்னிற்குஞ் சுரப்பியோ விந்தொடு கலக்கும் நீர்மம் ஒன்றைச் சுரப்பது.

அறுவைக்குப் பின் ஆண்மைக் குறை நேர்வதுண்டு என்பதையும் மறைத்தலாகாது. அதற்குக் கரணியம் சுரப்பியை ஒட்டிச் செல்லும் மெல்லிய நரம்புகள். 1981இல் ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில், ஓய்வுபெற்ற பேராசிரியர் தோங்கரோடு அமர்ந்து அந்நரம்புகளின் வழியைத் தேடிக் கண்டவர் அமெரிக்கப் பண்டுவர் பேட்ரிக் வால்சு. 1982 முதல் அவற்றைக் காத்து அறுக்கும் முறை பரவிற்று. அது தனியே பேசத்தக்க பெரும்பொருள்; இங்கே இவ்வளவிற் போதும்.

தையலுக்கு வருக. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழலாகிய தாரை, இச்சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கின்றது. எனவே சுரப்பியை முழுதும் அகற்றுவோர், அதனுள் ஓடும் தாரையின் பகுதியையும் சேர்த்தே அகற்றியாக வேண்டும். அகற்றியபின் எஞ்சுவன இரண்டு வாய்கள். மேலே சிறுநீர்ப்பையின் வாய். கீழே அறுபட்ட தாரையின் வாய். மேல்வாய் பலகால் அகன்று கிடக்கும். கீழ்வாயோ சுண்டுவிரலினும் ஒடுங்கியது. நடுவே, நெல்லிக்காய் இருந்த இடம் வெறுமையாய் நிற்கும். மேல்வாயைக் கீழே இழுத்துவந்து, கீழ்வாயோடு நீர் கசியாமற் பொருத்த வேண்டும். மருத்துவ நூல்களில் இதற்கு வழங்கும் கிரேக்கச் சொல்லின் உள்ளேயும் வாய் என்னும் பொருளே கிடக்கின்றது. தமிழில் வாய்ப்பொருத்து எனலாம். தச்சரும் பொருத்து என்னும் சொல்லை அறிவர்.

இப்பொருத்துப் பிழைத்தால் என்ன ஆகும்? சிறுநீர் வயிற்றடியில் கசிந்து தேங்கும். ஒருகிழமையில் எடுக்க வேண்டிய வடிகுழாயைப் பலகிழமை சுமக்க நேரும். புண் ஆறுங்கால் வடு தடித்து வழியை அடைத்துவிடுதலும் உண்டு. அப்போது நீர் பிரியாமல் துடிப்பார் நோயர். கீழ்வாயை ஒட்டியே சிறுநீரை அடக்கும் சுருக்குத் தசை இருத்தலின், ஊசி ஆழம் தவறின் அதுவும் ஊறுபடும். இருமினாலும் எழுந்தாலும் வேட்டி நனையும் நிலையில், பேரன் திருமணத்திற்குங்கூடச் செல்லாமல் அறைக்குள் ஒடுங்கிவிடும் பெரியவர்கள் எந்நாட்டிலும் உளர். உயிர் பிழைத்தது, வாழ்க்கை பிழைக்கவில்லை என்று அவர்கள் உள்ளம் நோவதைப் புள்ளிக்கணக்குகள் காட்டா. ஆகவேதான் எந்தத் தையல் நல்ல தையல் என்னும் கேள்வி, வல்லுநர்க்குள் முடிந்துவிடும் கேள்வியன்று.

இத்தையலின் வரலாற்றை முடிச்சுகளின் வரலாறு என்றே கூறலாம்.

1904இல் அமெரிக்க நாட்டுப் பால்டிமோரில், சான் ஆப்கின்சு மருத்துவமனையில் இயூ யங்கு என்பார், விரைப்பைக்கும் எருவாய்க்கும் இடைப்பட்ட வழியாகப் புகுந்து இச்சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுதும் அகற்றினார். 1940இல் வெசுட்டு என்பவர், வாயோடு வாயை நேரே தைக்காமலே ஒட்டச் செய்யும் வழியொன்றை வெளியிட்டார். சிறுநீர்ப்பையின் வாயிற் கோத்த நூல்களைக் கீழே இழுத்துத் தோலுக்கு வெளியே கொணர்ந்து அங்கே கட்டிவிடுவர். வடம் பிடித்திழுத்த தேர் நிலைக்கு வந்து நிற்பதுபோல் மேல்வாய் கீழ்வாயை அடுத்து நிற்கும். நடுவே செருகிய வடிகுழாயைச் சுற்றி உடம்பு தானே இரண்டையும் இணைத்துக்கொள்ளும். உடம்பின் ஆற்றலை நம்பிய முறை இது. உள்ளே முடிச்சே இல்லை.

பின்னர் அடிவயிற்றைத் திறந்து மேல்வழியாகப் புகும் முறையை இலண்டனில் மில்லின் என்பார் 1945இல் பரப்பினார். அவ்வழி வந்தோர் இரு வாய்களையும் நேரே தைக்கலாயினர். வாயின் சுற்றைக் கடிகார முகமாகக் கொள்வது அறுவையாளர் வழக்கு. 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணி, 8 மணி, 10 மணி என ஆறிடங்களில் தனித்தனி நூலைக் கோத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே முடிந்துவிடுவர். நான்கு முடிச்சிடுவாரும் உளர், எட்டிடுவாரும் உளர். இதனைத் தனித்தையல் எனலாம். இதன் வலிமை அதன் தனிமையிலேயே இருக்கின்றது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மற்றவை தளரா. இரண்டு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட விளிம்பு நெருக்குண்ணாமையால் குருதியோட்டம் தடைப்படாது. குறையும் அவ்விடைவெளியிலேதான்: நூலில்லாத இடத்தில் நீர் கசியக் கூடும்.

நூலைப் பற்றியும் ஒரு சொல். பட்டுநூல் வலிது, ஆயினும் அது கரையாது. சிறுநீர் ஓடும் வழியிற் கரையாத நூல் கிடந்தால், கற்கண்டு செய்வார் தொங்கவிட்ட நூலில் மணிகள் பற்றுவதுபோல் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகிவிடும். எனவே விலங்கின் குடரிலிருந்து திரித்த, உடம்பிலே கரையும் நரம்புநூலைப் பண்டு ஆண்டனர். 1970களிலிருந்து, திட்டமிட்ட நாள்களிற் கரையும் செயற்கை நூல்கள் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன.

வயிற்றைத் திறந்து செய்யுங்கால் முடிச்சிடுதல் கடினமாயினும் இயலும். விரல் நுனியால் முடிச்சை ஆழத்துக்குத் தள்ளி, அது இறுகியதை விரலே உணர்ந்துகொள்ளும். வயிற்றில் சிறு துளைகளிட்டு நீண்ட கருவிகளைச் செருகிச் செய்யும் துளைவழி அறுவை வந்தபோது விரல் வெளியே நின்றுவிட்டது. இடப்புறம் போக வேண்டிய கருவிமுனைக்காகக் கையை வலப்புறம் அசைக்க வேண்டும். ஊஞ்சற்பலகையின் இருமுனை போல ஒன்று தாழ மற்றது எழும். படக்கருவி காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே, இரண்டு நீள்கோல்களின் நுனியால் ஆறு முடிச்சிடுவதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் சுசுலரும் அவர் குழுவினரும் 1991இல் இதனை முயன்று தொடங்கினர். 1997இல் தங்கள் பட்டறிவை வெளியிட்டபோது அவர்கள் காட்டிய நோயர் 9 பேர். அறுவை ஒன்றுக்குச் சரியளவாக 9 மணிநேரத்துக்கு மேல். திறந்து செய்வதைவிட இதில் மிகுந்த நலம் இல்லை என்றே அவர்கள் எழுதிவிட்டனர். நேர்மையான எழுத்து! தாம் தொடங்கியதைத் தாமே குறை கூறும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. 1998இல் பாரிசு நகரில் கிலோனோவும் வலான்சியனும் அதே வழியைப் படிப்படியாகச் செப்பஞ்செய்து பிறரும் கற்கத்தக்கதாக்கினர். அவர்களும் தொடக்கத்தில் தனித்தையலே இட்டனர். கற்க வந்தோர் பலர் இடறியதும் அத்தையலிலேதான்.

இந்த இடர்ப்பாட்டுக்கு 2003இல் பெல்சிய நாட்டுப் பிரசெல்சு நகரத்து வான் வெல்தோவன் ஒரு வழி கண்டார். ஒற்றை முடிச்சு முறை என்பது அதன் பெயர். ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில் இரண்டு நூல்கள். ஒன்று நிறமூட்டியது, மற்றது நிறமற்றது. இரண்டின் வாலையும் உடலுக்கு வெளியிலேயே சேர்த்து முடிந்துகொள்ள வேண்டும். அவ்விரட்டை நூலை உள்ளே செலுத்தி, கடிகாரத்தின் 6 மணியிடத்தில், பின்சுவரின் நடுவில் தொடங்கி, ஒரு நூலை வலப்புறமாகவும் மற்றதை இடப்புறமாகவும் ஓட்டிக்கொண்டு மேலேறி, 12 மணியிடத்தில் இரண்டையும் சந்திக்கச் செய்து அங்கே ஒரே முடிச்சு! நிறம் வேறாகையால் எந்நூல் எப்புறத்தது என்னும் மயக்கமில்லை. தையற்காரர் இழையோட்டுதல் என்பரே, அதன் உடன்பிறப்புத்தான் இது. ஓட்டுத்தையல் எனலாம்.

இம்முறையின் அழகு முடிச்சைக் குறைத்ததில் மட்டும் இல்லை. பின்சுவரில் சில சுற்றுகள் தளர ஓட்டியபின் இரு நூல்களையும் மெல்ல இழுத்தால், ஒவ்வொரு சுற்றும் கப்பிபோல் இயங்கி, சிறுநீர்ப்பையை மெல்லக் கீழிறக்கித் தாரையின் வாயில் அமரச் செய்யும். இழுவிசை ஓரிடத்திற் குவியாமல் எல்லாச் சுற்றுகளுக்கும் பங்கிடப்படுதலின், மெல்லிய தாரை கிழிவதில்லை. முதல் முடிச்சிலேயே முழு இழுவையும் விழும் தனித்தையலில் இந்நலம் இல்லை.

தனித்தையலைப் பற்றிநின்ற மூத்தோர் இரண்டு தடைகளை எழுப்பினர். ஒரே நூலாகையால் ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் தளரும் என்பது ஒன்று. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் ஒடுங்குவதுபோல், வட்டமாக ஓடிய நூலை இழுத்தால் வழியும் ஒடுங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது தடை புதிதன்று. குருதிக்குழல்களைத் தைக்குங்கால் இதே இடர் இருந்தது. பிரான்சு நாட்டு இலியோன் நகரத்து அலெக்சி காரெல், பூத்தையல் செய்யும் அம்மையார் ஒருவரிடம் ஊசிப்பயிற்சி பெற்று, வட்டவாயை மூன்று நூல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்து இந்த ஒடுக்கத்தைத் தவிர்த்தார்; 1912இல் நோபல் பரிசும் பெற்றார். சிறுநீர்த்தாரையில் உள்ளே கிடக்கும் வடிகுழாயே வழி ஒடுங்காமற் காக்கும் அச்சாகின்றது. பிற்காலத்தில் இருவகைத் தையலையும் ஒப்பிட்டு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டது இதுவே: ஓட்டுத்தையலில் தைக்கும் நேரம் குறைவு, கசிவு குறைவு, வடிகுழாய் சுமக்கும் நாளும் குறைவு. பின்னாளில் வழி அடைபடுவதிலும், சிறுநீரை அடக்கும் ஆற்றலிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. மூத்தோரின் அச்சம் மெய்ப்படவில்லை. இளையோர் எதிர்பார்த்த பெருநலமும் முழுமையாக வாய்க்கவில்லை.

இதற்குள் உரோபோ என்னும் பொறிக்கை வந்துவிட்டது. 2000இல் செருமனியின் பிராங்குபர்ட்டில் இவ்வறுவைக்கு அதனை முதலில் ஆண்டனர். அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க நாட்டு இடெட்ராய்ட்டில் அதனைப் பெருவழக்காக்கியவர் மணி மேனன். புதுச்சேரியில் மருத்துவம் கற்றுச் சென்றவர். அறுவையாளர் தனி மேசையில் அமர்ந்து இயக்க, உள்ளே கருவிமுனை மணிக்கட்டுப்போல் வளைந்து திரும்பும். துளைவழி அறுவையின் ஊஞ்சற்பலகைத் தொல்லை ஒழிந்தது. ஆயினும் டா வின்சி எனப்படும் அப்பொறியின் முற்கால வடிவங்களில் நூலின் இறுக்கம் கைக்கு எட்டவில்லை. நூல் இறுகியதா, திசு வெளுத்ததா என்பதைக் கண்ணாற் கண்டே உணர வேண்டியிருந்தது. விரல் முதலில் வெளியே நின்றது. பின்னர் விரலின் உணர்வும் வெளியே நின்றுவிட்டது.

அப்போதுதான் எஞ்சிய ஒரு முடிச்சையும் ஒழிக்கும் நூல் கடைக்கு வந்தது. முள்நூல் என்று அதனைக் கூறலாம். நெற்கதிரின் கூரை ஒரு திசையில் நீவினால் வழுக்கும். எதிர்த்திசையில் நீவினால் கீறும். அவ்வாறே இந்நூலின் உடலெங்கும் நுண்முட்கள் ஒரே திசை நோக்கி வெட்டப்பட்டுள்ளன. முன்னே இழுத்தால் தசைக்குள் ஓடும், பின்னே நழுவாது. இவ்வெண்ணத்துக்கு 1964இலேயே அமெரிக்காவில் அல்காமோ என்பவர் உரிமம் பெற்றிருந்தார். நாற்பதாண்டுகள் ஏட்டிற் கிடந்து, 2004இலிருந்து மருத்துவச் சந்தைக்கு வந்தது. ஓட்டுத்தையலில் ஓர் இடர் உண்டு: முன்சுற்றைத் தைக்கும்போது பின்சுற்று தளர்ந்துவிடும், துணைவர் ஒருவர் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். முள்நூல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்.

இனி இதனை எவரும் வெல்லார் என்று பலரும் எண்ணியிருப்பர். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு வேறு செய்தி கூறிற்று. நோயரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு முள்நூலும் மறு கூற்றார்க்குப் பழைய மழுங்குநூலும் இட்டுப் பார்த்தனர். முள்நூல் இட்டவரிடமே கசிவு மிகுதி. வடிகுழாய் சுமந்த நாளும் மிகுதி. நூலின் விலையும் பன்மடங்கு. கரணியம் யாது? பழைய நூலைச் சற்று மிகையாக இழுத்துவிட்டால் அது தானே சிறிது தளர்ந்து கொடுக்கும். முள்நூல் தளராது. பழகிய கை பழகிய அளவிலேயே இழுத்தது. அந்த இறுக்கத்திலேயே திசு நெருக்குண்டு, குருதியோட்டம் குன்றி, புண் ஆறுவது பிந்திற்று என்று கருதினர். தளர்ந்து கொடுத்தல் பழைய நூலின் குறை என்று எண்ணப்பட்டது. அதே குறை அதுவரை எத்தனையோ நோயரைக் காத்து வந்திருக்கின்றது!

2012இல் கனடா நாட்டு மாண்ட்ரியலில் 70 பேரைக் கொண்டு இவ்வாறே ஆய்ந்தோர்க்கு வேறு விடை கிடைத்தது. தைக்கும் நேரம் முள்நூலிற் குறைந்தது. தளர்ந்த சுற்றுகளை மீண்டும் இறுக்கும் வேலை குறைந்தது. அறுவைக்கூட நேரத்தின் விலையைக் கணக்கிட்டால் செலவுங்கூடக் குறைவே என்றனர். பின்வந்த தொகுப்பாய்வுகளும் நேரம் குறைவதை ஒப்பின. கசிவிலும் சிறுநீர் அடக்கத்திலும் தெளிவான வேறுபாடு காணவில்லை. நூல் மாறவில்லை, முள் மாறவில்லை. இடைப்பட்ட நாள்களில் கைகள் மெல்ல இழுக்கக் கற்றுக்கொண்டன என்று கொள்வதே பொருந்தும்.

சிறுநீர் அடக்கத்தை விரைவில் மீட்கவென்றே எழுந்த தையல் ஒன்றும் உண்டு. இத்தாலி நாட்டு மிலானைச் சேர்ந்த உரொக்கோ என்பார் 2006இல் வெளியிட்டது. வாய்ப்பொருத்துக்கு முன், சுருக்குத் தசையின் பின்புறத்தை அதற்குரிய பழைய தாங்கலோடு சேர்த்துத் தைத்துத் தூக்கிநிறுத்தும் முறை. நோயர் விரைவில் அடக்கம் பெறுகின்றனர் என்று அவர் குழு அறிவித்தது. மணி மேனன் குழுவினர் 116 பேரை இரு கூறாக்கி ஆய்ந்து, 2008இல், தொடக்க நாள்களின் அடக்கத்தில் வேறுபாடில்லை என்றனர். இவ்வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. முதற் கிழமைகளிற் சிறுநலம் உண்டு, திங்கள்கள் செல்லச் செல்ல இரு கூற்றாரும் ஒரு நிலையை அடைகின்றனர் என்பது பலர் ஏற்கும் நடுநிலைக் கருத்து. அடக்கத்தைப் பெரிதும் முடிவு செய்பவை நோயரின் அகவை, எஞ்சிய தாரையின் நீளம், காக்கப்பட்ட நரம்பும் தசையும். இவற்றுள் பெரும்பகுதி ஊசியை எடுப்பதற்கு முன்னரே முடிவாகிவிடுகின்றது.

ஆகவே, எங்கள் மருத்துவமனையில் முள்நூல், எங்கள் மருத்துவமனையில் பொறிக்கை என்று விளம்பரப் பலகையிற் பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு நோயர் மயங்க வேண்டுவதில்லை. கேட்க வேண்டியவை வேறு. இவ்வறுவையை இவர் ஓராண்டில் எத்தனை முறை செய்கின்றார்? வடிகுழாயை எந்நாளில் எடுப்பார்? எடுக்குமுன் கசிவு உண்டா என்று நிறநீர் செலுத்திப் படம் பிடித்துப் பார்ப்பாரா? எடுத்தபின் அடித்தசைப் பயிற்சியை யார் கற்பிப்பார்? வாய்ப்பொருத்து, தனித்தையல், ஓட்டுத்தையல், முள்நூல் என்று நோயரின் மொழியிலேயே சொற்கள் இருந்தால், இக்கேள்விகளைக் கேட்க அவர்க்கு நா எழும். விடை கூறாமல் நழுவவும் எவர்க்கும் இடமிராது.

கற்கும் இளம் பண்டுவர்கள் இத்தையலை எதன்மேற் பழகுகின்றனர் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். கோழியின் மேல்! கோழியின் உணவுக்குழலைத் தாரையாகவும் அதன் இரைப்பையைச் சிறுநீர்ப்பையாகவும் கொண்டு, பெட்டிக்குள் வைத்து, நீள்கோல்களால் 6 மணியில் தொடங்கி 12 மணியில் முடிக்கின்றனர். முடித்ததும் உள்ளே நீரைச் செலுத்துவர். எங்கேனும் துளி அரும்பினால் நூலை வெட்டியெறிந்துவிட்டு, அடுத்த கோழியை எடுக்க வேண்டும். அறுவைக்கூடத்திலும் இதே ஆய்வு உண்டு. கடைசி முடிச்சு விழுந்ததும், வடிகுழாய் வழியே உப்புநீரைச் செலுத்திச் சிறுநீர்ப்பையை நிரப்பிவிட்டு, அனைவரும் பேச்சை நிறுத்தித் திரையை உற்று நோக்குவர்.